ஆண்டவருக்கு நேர்ந்த கூந்தல்

நீங்கள் எப்போதாவது சாமி பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துத் தூங்கியிருக்கிறீர்களா? கோயில் மண்டபத்தில் விழுந்து கிடப்பதைக் கேட்கவில்லை. வீட்டுக்குள்ளே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவர் படுத்திருக்க, இந்தப் பக்கம் நீங்கள் படுத்திருப்பதைக் கேட்கிறேன்.

ஞானகுமாரி அப்படித்தான் வளர்ந்தாள்.

பட்டாபிராமில் பட்டாளத்துக்காரன் வந்து தனியாகத் தண்டவாளம் போடுவதற்கு முந்திய காலம் அது. பருத்திப்பட்டு ஏரிக்கரை ஓரம் வேதக்காரர்களுக்கு, கிறிஸ்தவர்களுக்கு, ஒரு சின்னத் தெரு இருந்தது. தெருக்கோடியில் கோயில். கோயில் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், கூரைக் கொட்டகை. மழைக்கு ஒழுகும், கதவுக்குப் பூட்டும் கிடையாது. அதனால் பெரிய வெள்ளிக்கிழமைக்கு வேண்டிய ஆண்டவரின் மரச் சுரூபத்தை வருஷம் முழுக்க யாராவது வீட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். ஞானகுமாரியின் அப்பா பிரகாசம் ஆவடி ரயில் பாதையில் கேங் வேலை பார்த்தவர். அந்தப் பொறுப்பு அவர் குடும்பத்தினுடையது. ஒரே அறைதான் வீடு. சுவரோரமாக நீளமான பலாமரப் பெட்டி. அதற்குள் ஆள் உயரத்துக்கு ஆண்டவர்.

மற்ற சுரூபங்கள் போல விறைத்து நிற்கிறவர் இல்லை இவர். இரண்டு தோளிலும் மரத்துக்குப் பதில் தோல் வைத்துத் தைத்திருக்கும். கைகளை விரித்து ஆணி அடித்தால் சிலுவையில் தொங்குவார். ஆணியைப் பிடுங்கிக் கைகளை மடக்கினால் செத்தவர் போலத் துவண்டு படுப்பார். பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏணி வைத்து ஏறி அவரை இறக்கி, தூம்பா என்கிற பாடையில் கிடத்தும்போது தெருவே மாரடித்து அழும். இன்னொரு விசேஷம், அவர் தலையில் இருந்தது நிஜமான முடி. துணிக்குல்லாயில் கற்றை கற்றையாகக் கட்டிய மனுஷ முடி.

சின்ன வயசில் ஞானகுமாரிக்குப் பெட்டியின் வாசனைதான் தூக்கத்தின் வாசனை. கற்பூரமும் காய்ந்த வேப்பிலையும் பழைய மரமும் கலந்த வாசனை. கோடைக்காலத்தில் பெட்டிக்குள்ளிருந்து 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். ஆண்டவர் புரண்டு படுக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். சில நாள் பெட்டியை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பள்ளிக்கூடத்தில் யார் யாரை அடித்தார்கள், எந்த வீட்டு ஆடு ஏரியில் விழுந்தது என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போவாள். அவர் ஒன்றும் பேசமாட்டார். கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் குறுக்கே பேசமாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

அவளுடைய முடியும் அவருடையதுதான். அவளுக்கு ஐந்து வயசில் விஷக்காய்ச்சல் வந்தது. "இது பிழைச்சா, பதினஞ்சு வயசுல இதோட முடிய உன் தலைக்குக் குடுக்கறேன்" என்று அவள் அம்மா சகாயம்மாள் பெட்டிமேல் கைவைத்து நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. அன்று முதல் கத்திரி படவில்லை. முடி முழங்காலைத் தொட்டது. அது தெருவுக்கே பொதுச்சொத்து மாதிரி. தலை விரித்துப் போட்டு ஓடினால் எதிர்வீட்டுக்காரி கத்துவாள்: "ஏண்டி, ஆண்டவர் முடிய மண்ணுல பெருக்கிகினு போறியே, உனுக்கு வெக்கமா இல்ல?" யார் வீட்டில் எண்ணெய் ஆட்டினாலும் முதல் கிண்ணம் அவள் தலைக்கு வரும். ஒன்றே ஒன்று கூடாது. பூ வைக்கக் கூடாது. நேர்ந்துவிட்டது சாமியுடையது, அதில் நாம் பூ வைத்து அழகு பார்க்கக் கூடாது. அன்றிலிருந்து அவள் தலையில் ஒரு பூ ஏறியதில்லை.

அவளுக்குப் பதினைந்து வயசான வருஷம், பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்திய தபசு காலத்தில், பிரகாசம் பெட்டியைத் திறந்தார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் தோலையெல்லாம் பார்த்து எண்ணெய் போடுவது வழக்கம். ஆண்டவரைத் தூக்கிப் பாயில் குப்புறப் போட்டார். தலை ஞானகுமாரியின் மடியில் இருந்தது.

முதுகில் ஒரு மண்கோடு ஓடியது.

பிரகாசம் நகத்தால் அதைக் கீறினார். உள்ளே பொலபொலவென்று கறையான். கோடு போன வழியெல்லாம் மரம் பொக்கையாக இருந்தது. உளியால் தட்டினார். ஒரு பிடி மரத்தூள் கொட்டியது. ஞானகுமாரி கையை ஏந்தினாள். உள்ளங்கையில் விழுந்தது மாவு மாதிரி, சூடில்லாமல் குளிர்ச்சியில்லாமல், எடையே இல்லாமல் கிடந்தது.

"நைனா, இன்னா இது?"

"இன்னாவா? கறையான். மரம்னா கறையான் வராதா?"

"சாமியுமா துன்னும்?"

"அதுக்கு இன்னா தெரியும் சாமி கீமியெல்லாம்? அந்த மண்ணெண்ணெய எட்து குடு."

"அப்போ ராத்திரியில டக்குனு சத்தம் வருதே?"

"வெயிலுக்குக் காயற மரம் வெடிக்காம இன்னா பண்ணும்?" அவர் புளியங்கொட்டைப் பசையில் மரத்தூளைக் குழைத்துப் பொக்கையை அடைக்க ஆரம்பித்தார். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துவிட்டு, அதே சுரூபத்துக்கு முன்னால் முட்டி போட்டு நெற்றியில் சிலுவை வரைந்தார்.

ஞானகுமாரிக்கு அதுதான் புரியவில்லை. "நைனா, மரம்னு நீயே சொல்றே. அப்புறம் ஏன் முட்டி போட்றே?"

பிரகாசம் முட்டியைத் தட்டிவிட்டு எழுந்தார். "அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு, பீடி பற்றவைக்க வாசலுக்குப் போய்விட்டார்.

அன்று அவள் பாயில் படுத்தபோது பெட்டியைத் தட்டவில்லை. பத்து வருஷமாகத் தான் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆடு விழுந்தது, அடிபட்டது, அழுதது எல்லாமே அந்தப் பொக்கைக்குள் போய்க் கறையானுக்குத்தான் கேட்டதோ என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. பிறகு பெட்டிக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள்.

ஏரிக்கரையில் அவளுக்கு ஒரு கூட்டாளி உண்டு. வேம்புலியம்மாள் என்று பெயர்; கோவில்பதாகைப் பக்கம் வீடு, எருமை மேய்க்க ஏரிக்கு வருவாள். அவளிடம் கறையான் கதையைச் சொன்னாள்.

"உங்க சாமி செத்த சாமியா, உசுரோட கீற சாமியா?" என்று கேட்டாள் வேம்புலி.

"வெள்ளிக்கெழம சாவாரு. மூணாம் நாளு எழுந்துக்குவாரு."

"வருசா வருசமா?"

"ம்."

"ஐயோ பாவம்" என்றாள் வேம்புலி, மனசார.

"உங்க அம்மன் ஆத்தா? மெய்யாலுமே கீறாளா?"

"கூழ் ஊத்துனா கீறா. ஊத்தாங்காட்டி கோவமா கீறா. எனுக்கு அதுக்கு மேல இன்னா தெரியும்?" வேம்புலி தன் தலையைத் தடவிக்கொண்டாள். "அவளுக்கு எத்தினியோ தபா மொட்ட போட்டுகினேன். திரும்ப மொளச்சிகிச்சி. முடிதானேடி. நீ இன்னாமோ அவரு தலையையே கேட்ட மாதிரி பேஜார் பண்ணிக்கிறியே."

"முடி போவுதுன்னு இல்லடி. யாருக்குப் போவுது? அங்க யாருமே இல்லன்னா?"

வேம்புலி எருமை முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "யாரும் இல்லன்னா உங்கம்மாவாண்ட போயி சொல்லு, பாக்கலாம். அப்ப கீது உனுக்கு."

பெரிய வெள்ளிக்கு முந்திய குருத்து ஞாயிறன்று பூந்தமல்லியிலிருந்து சாமியார் மாட்டுவண்டியில் வந்தார். வெயிலில் வந்த களைப்பு. ஞானகுமாரியின் பாவங்களைக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தின்போது கண்ணை மூடியிருந்தார்.

"சாமி, எனுக்கு ஒரு சந்தேகம்."

"யார்மேல் சந்தேகம்? எதைத் திருடினார்கள்?"

"திருட்டு இல்ல சாமி. ஆண்டவர்மேல."

சாமியார் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. அருள்நிறை மந்திரம் பத்துச் சொல்லு" என்று மறுபடி மூடிக்கொண்டார். அவள் பத்தும் சொன்னாள். கேள்வி அப்படியே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சகாயம்மாள் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை வெட்ட வேண்டும், வெள்ளிக்கிழமை ஆண்டவர் தலையில் இருக்க வேண்டும். கடைசி எண்ணெய் என்று நல்லெண்ணெயைக் காய்ச்சிச் சூடாகத் தேய்த்தாள்.

"யம்மா, நான் முடி குடுக்கல."

கை நிற்கவில்லை. "இன்னாது?"

"குடுக்கமாட்டேன். அது மரம்மா. முதுகெல்லாம் பொக்கையா கீது. நான் பாத்தேன். யாரும் இல்லாத எடத்துக்கு நான் ஏன் குடுக்கணும்?"

இப்போது கை நின்றது. அடி விழும் என்று ஞானகுமாரி கழுத்தைச் சுருக்கிக்கொண்டாள். விழவில்லை. திரும்பிப் பார்த்தாள். சகாயம்மாளின் முகம் வெளுத்திருந்தது. கோபம் இல்லை, பயம்.

"அப்பிடி சொல்லாதேடி. குடுக்காங்காட்டி நீ பூடுவே."

"எங்க பூடுவேன்?"

"இன்னாசி பூட்டான்ல."

இன்னாசி ஞானகுமாரியின் தம்பி. அதே காய்ச்சலில், அதே வாரத்தில் போனவன். அவன் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. அவன் முகம்கூட ஞானகுமாரிக்கு ஞாபகம் இல்லை. கொலுசு போட்ட ஒரு கால் மட்டும் ஞாபகம் இருந்தது.

"தம்பிக்கு இன்னாம்மா நேந்துகினே?" என்று கேட்டாள்.

சகாயம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எதிர்ச்சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"ஒண்ணியும் நேந்துக்கல. ரெண்டும் கிடந்துச்சிங்க, இந்தாண்ட ஒண்ணு அந்தாண்ட ஒண்ணு. எத்தினியோ நாளா கண்ணு மூடல நானு. உனுக்குத்தான் ஜாஸ்தியா இருந்துச்சி. அதனால உனுக்கு மொதல்ல கேட்டேன். கேட்டுட்டு, அப்பிடியே பொட்டி மேல தலைய வச்சவ தூங்கிட்டேன். அவனுக்குக் கேக்கறதுக்குள்ள தூங்கிட்டேன்டி. முழிச்சிப் பாத்தா நீ தண்ணி கேக்கறே. அவன் சில்லுனு கீறான்."

வெளியே ஆவடிப் பக்கம் ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது.

ஞானகுமாரிக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மாமேல் இல்லை. ஒருத்தி அசந்து தூங்கினாள் என்பதற்காகப் பிள்ளையை எடுத்துக்கொள்கிறவர் என்ன ஆண்டவர்? அப்புறம் அந்தக் கோபத்துக்கு நடுவிலேயே அவளுக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, இத்த கேளு. அந்தப் பொட்டியில யாரும் இல்லன்னு வச்சிக்கோ. அப்போ நீ கேட்டாலும் ஒண்ணுதான், கேக்காங்காட்டியும் ஒண்ணுதான். நீ தூங்கனதால தம்பி சாவல. ஜொரத்தால செத்தான். உம்மேல தப்பே இல்லம்மா."

சகாயம்மாள் அவளைப் பார்த்தாள். தாகத்தில் இருக்கிறவளிடம் தண்ணீரைக் காட்டியது போல ஒரு கணம் அந்த முகம் இளகியது. பிறகு தலையை ஆட்டினாள்.

"யாரும் இல்லன்னா," என்று மெதுவாகக் கேட்டாள், "இன்னாசி இப்போ எங்க கீறான்?"

ஞானகுமாரி அம்மாவின் முழங்காலிலிருந்து கையை எடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. வெயில் கூரை ஓட்டை வழியாக இறங்கி, பெட்டிமேல் காசு காசாகக் கிடந்தது. ஞானகுமாரி பெட்டியில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். மரம் சூடாக இருந்தது, ஒரு உடம்பு போல. அவளுக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியவில்லை. பெட்டிக்குள் ஒரு ஏரி இருப்பதாகவும், அதன் அடியில் ஆண்டவர் கண்ணைப் பாதி மூடிப் படுத்திருப்பதாகவும், அவர் பக்கத்தில் கொலுசு போட்ட ஒரு கால் தண்ணீரை அளைவதாகவும் தோன்றியது. அவள் கையை விட்டுத் துழாவினாள். தண்ணீர்தான் கையில் வந்தது.

'டக்'கென்று சத்தம்.

கண் விழித்துவிட்டாள். மரம் வெடிக்கிறது, தெரியும். நைனா சொல்லிவிட்டார். இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. காத்திருந்ததுதான் அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

சகாயம்மாள் விறகோடு உள்ளே வந்ததும் எழுந்து நின்றாள்.

"முடி குடுக்கறேன்மா."

சகாயம்மாள் விறகைப் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆனா அது என்னிக்கி என்துதா இருந்துச்சி? அஞ்சு வயசுலேர்ந்து அவரு முடி, அவரு முடின்னு எல்லாரும் தொட்டுத் தொட்டு பாக்கறீங்க. என்து இல்லாத ஒண்ண நான் எப்பிடி குடுக்க முடியும்? நாளைக்கி ஒரு நாளு அது என் முடியா இருக்கட்டும். அப்புறம் குடுக்கறேன். அவருக்கு இல்ல. உனுக்கு. நீ யாருக்கு வேணா குடுத்துக்கோ."

சகாயம்மாள் கீழே கிடந்த விறகை எடுத்தாள். அடுப்பை ஊதப் போய்விட்டாள். புகை இல்லாத அடுப்பை ரொம்ப நேரம் ஊதினாள்.

புதன்கிழமை காலையில் ஞானகுமாரி ஏரிக்கரைக்குப் போய் வேம்புலியின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "பூ வச்சி வுடுடி."

"இன்னாது! உங்க தெருக்காரிங்க என் தோல உரிச்சிப் புடுவாளுங்க."

"நான் சொல்றேன்ல. வை."

வேம்புலி வீட்டுக் கொல்லையில் கனகாம்பரம் காடாகக் கிடந்தது. மடி நிறையப் பறித்து வந்து, நெருக்க நெருக்கக் கட்டினாள். பின்னலைப் பிரித்து, மறுபடி பின்னி, பின்னலோடு சேர்த்துச் சரத்தை மேலிருந்து கீழே வரை சுற்றினாள். கடைசியில் எட்டி நின்று பார்த்தாள்.

"அடிப்பாவி" என்றாள். "இத்தினி நாளு எங்கடி வச்சிருந்தே இந்த மூஞ்ச?"

இரண்டு பேரும் ஏரியைச் சுற்றி நடந்தார்கள். பங்குனிக் கடைசி, தண்ணீர் நடுவுக்குப் போய்விட்டது. ஓரத்தில் வெடித்த சேற்றில் கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றன. தூரத்தில் கானல் எழும்பி, ரயில் ஒன்று தரையைத் தொடாமல் மிதந்து போவது போலத் தெரிந்தது. ஞானகுமாரிக்குத் தலையின் பாரம் முதல் தடவையாகத் தெரிந்தது. காற்று பின்னலைத் தூக்கி அடித்தது. எதிரே வந்த ஒரு கீரைக்காரி நின்று, "யார் ஊட்டுப் பொண்ணும்மா நீ? மகாலச்சுமி மாதிரி கீறே" என்றாள். ஞானகுமாரி சிரித்தாள். யார் வீட்டுப் பெண்ணும் இல்லை, யாருக்கும் நேர்ந்துவிட்டவளும் இல்லை என்று அந்தக் கணம் தோன்றியது. பயமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது.

தண்ணீரில் இறங்கி முழங்கால் வரை நின்றாள். குனிந்து பார்த்தாள். தண்ணீருக்குள்ளிருந்து பூ வைத்த ஒருத்தி அவளைப் பார்த்தாள். அவளுக்கு அப்பால், ஆழத்தில், பெட்டிக்குள் கண்ட முகம் இருக்கிறதா என்று தேடினாள். வானம்தான் இருந்தது. அதில் ஒரு கொக்கு பறந்து போனது.

"இன்னாடி தேட்றே?"

"ஒண்ணுமில்ல" என்றாள். "தேடிப் பாத்தேன்."

பூவோடுதான் வீட்டுக்குப் போனாள். முக்காடு போட்டு, தெருவுக்குப் பின்பக்கமாக. சகாயம்மாள் பார்த்தாள். பரிசுத்த வாரத்தில், கோயிலில் சுரூபங்களுக்கெல்லாம் துணி போர்த்திப் பூவே இல்லாமல் வைத்திருக்கிற நாளில், ஆண்டவர் முடியில் ஆரஞ்சு ஆரஞ்சாகப் பூ. அவள் கை உயர்ந்தது. அப்படியே மகளின் கன்னத்தில் வந்து படிந்தது.

"உக்காரு" என்றாள்.

சரத்தை அவளே பிரித்தாள். சிக்கெடுத்தாள். மறுநாள் விடியற்காலையில் சீயக்காய் போட்டு அலசிக் காயவைத்து, வாரி, இறுகப் பின்னி, பிடரியை ஒட்டிப் பின்னலில் கத்திரி வைத்தாள். முடி அடர்த்தி, கத்திரி ஒரே வெட்டில் போகவில்லை, நறநறவென்று மென்று மென்று போயிற்று. கடைசி இழை அறுந்ததும் ஞானகுமாரியின் தலை தானாக முன்னால் ஆடியது, இத்தனை நாள் யாரோ பின்னாலிருந்து பிடித்திருந்தது போல. மிச்சமிருந்த முடியையும் சகாயம்மாள் ஒட்டக் கத்தரித்துவிட்டாள்.

பிரகாசம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, புதுக்குல்லாயில் கற்றை கற்றையாகக் கட்டினார். நூலில் மெழுகு பூசிக்கொண்டே, "நல்ல முடி" என்றார்.

பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டகையில் இடம் இல்லை. மணி அடிக்கக் கூடாத நாள்; மரத்தட்டுதான் தட்டினார்கள். கோயில் உபதேசியார் தேவராஜ் வியாகுலப் பிரசங்கம் வாசித்தார். நல்ல தொண்டை அவருக்கு. "பாவிகளே, பாருங்கள்!" என்று திரையை இழுத்தார். ஆண்டவர் சிலுவையில் தொங்கினார். ஞானகுமாரியின் முடி அவர் நெஞ்சில் சரிந்து கிடந்தது.

பெண்கள் பக்கம் மொட்டைத் தலையில் முக்காட்டோடு நின்ற ஞானகுமாரி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. தன் முடியை இன்னொருத்தர் தலையில் பார்ப்பது, கனவில் தன்னையே தூரத்தில் பார்ப்பது போல இருந்தது. அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. அதை அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

பிரகாசமும் இன்னொருவரும் ஏணியில் ஏறினார்கள். வலது கை ஆணி வந்தது. கை துவண்டு விழுந்தது. ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். இடது கையும் விழுந்ததும், வெள்ளைத் துணியில் தாங்கி இறக்கினார்கள். தலை பின்னால் சாய்ந்தது. முடி விரிந்தது.

விரிந்த முடியிலிருந்து ஒரு கனகாம்பரம் கழன்று, சுழன்று சுழன்று இறங்கி, வெள்ளைத் துணியில் விழுந்தது.

ஒரே ஒரு பூ. கொட்டகையே மூச்சடைத்து நின்றது. பிறகு ஒருத்தி அலறினாள்: "ஆண்டவரே, பூ குடுத்துட்டியே!" அவ்வளவுதான், கூட்டம் முட்டி போட்டது. பூவே இல்லாத நாள். பத்து வருஷமாகப் பூவே வைக்காத முடி. எங்கிருந்து வரும்? உபதேசியார் பிரசங்கத்தை மறந்துவிட்டு வாயைப் பிளந்து நின்றார். "புதுமை! அற்புதம்!" என்றார் பிறகு, அந்த நல்ல தொண்டையில்.

ஞானகுமாரி வாயைத் திறந்தாள். அது வேம்புலி கட்டின பூ என்று சொல்ல வேண்டும். நாக்கின் நுனியில் நின்றது. அப்போதுதான் அம்மாவைப் பார்த்தாள். சகாயம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், இரண்டு விரலால் அந்தப் பூவை எடுத்தாள். முடி கொடுத்தவளின் தாய், யாரும் தடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் உதடு அசைந்தது. இன்னாசி என்று அசைந்தது.

ஞானகுமாரி வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் அதோடு விடவில்லை. வீட்டுக்குப் போனதும், விளக்குகூட ஏற்றவில்லை, அம்மா முன்னால் உட்கார்ந்தாள். சகாயம்மாள் பூவை ஒரு பித்தளைக் கிண்ணியில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டிருந்தாள்.

"யம்மா. அது என் தலையில இருந்த பூம்மா. வேம்புலி வச்சது. ஆண்டவர் குடுக்கல."

"தெரியும்டி" என்றாள் சகாயம்மாள்.

"தெரியுமா?"

"நான்தானே சரத்தப் பிரிச்சேன். எனுக்குத் தெரியாதா கனகாம்பரம் எங்கேர்ந்து வந்துச்சின்னு?"

"அப்புறம் ஏன் அப்பிடி எட்துகினு வந்தே?"

சகாயம்மாள் கிண்ணியை லேசாக ஆட்டினாள். பூ ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"ஒவ்வொண்ணா எடுத்தேன். சிக்கு எடுத்தேன். சீயக்கா போட்டு அலசினேன். சீப்பு போட்டு வாரினேன். வெட்டினேன். உங்க நைனா கட்டினாரு. அத்தினியிலயும் போவாம ஒண்ணு நின்னுச்சே, அது எப்பிடிடி? நான் கவனிக்காம வுட்ட ஒண்ண அவரு வச்சிருந்து குடுத்தாரு. நான் தூங்கனப்போ வுட்டதும் அவராண்ட பத்திரமாத்தான் கீது. அவ்ளோதான் எனுக்கு வேணும்."

அவள் முகத்தில் பத்து வருஷத்துக் களைப்பு இறங்கியிருந்தது. ஞானகுமாரிக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. முடிச்சுக்குள் மாட்டியிருக்கும், அதான் நின்றது என்று சொல்லலாம். கறையானைப் பற்றி மறுபடி சொல்லலாம். அம்மா அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். இல்லாவிட்டாலும் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்பாள், அவன் எங்கே இருக்கிறான் என்று.

"நீ நம்பறியாம்மா?"

"ம். நீ?"

"இல்லம்மா."

சகாயம்மாள் கையை நீட்டி அவளுடைய மொட்டைத் தலையைத் தடவினாள். முள்முள்ளாக இருந்தது. "பசிக்குதா?" என்று கேட்டாள்.

"பசிக்குது" என்றாள் ஞானகுமாரி.

மறுநாள் காலை ஆண்டவரைத் தூக்கி வந்து பெட்டியில் வைத்து மூடினார்கள். ஞானகுமாரி பெட்டி ஓரம் கிடந்த தன் பாயைச் சுருட்டி எடுத்துப்போய் அடுப்பங்கரையில் போட்டாள். பிறகு தலைக்குக் குளித்தாள். தலை சீக்கிரம் காய்ந்துவிட்டது.